முப்பத்தோரு அங்குலம்

டேப் அக்காவுக்கு அளவெடுக்கக் கண்ணே போதும். தெருவில் போகிறவரின் தோள் அகலத்தை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தே அரை நூல் பிசகாமல் சொல்லிவிடுவாள். ஒருமுறை வானத்தில் நின்ற மேகத்தைப் பார்த்து, "இதுக்கு நாப்பது மீட்டர் வேணும், முழுக்கை வச்சா அம்பது" என்றாள். மேகம் நான் சேர்த்தது. மாடி ஜன்னலும் நான் சேர்த்ததுதான். தையற்கடை இருப்பது தரைத்தளத்தில். ஆனால் நூல் கணக்கு நிஜம். ஓர் அங்குலத்தை எட்டாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நூல். அந்த ஒரு நூலில்கூட அவளை ஏமாற்ற முடியாது.

கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் மாலைபோலத் தொங்கும். அதனால்தான் அந்தப் பெயர். அவள் கணவன் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, இரண்டு வருஷம் வெல்டிங் வைத்து உயிர் கொடுத்தான். அதற்குச் சீட் உறை தைக்கப் போனவள், பக்கத்து இருக்கையிலிருந்து மெல்ல நகர்ந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அன்று முதல் அந்த வண்டியில் அவனுக்குப் பக்கத்து இருக்கைதான்.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று உண்டு. பாறையிலும் சேற்றிலும் வண்டி ஏற்றிப் பார்க்கிற பதினான்கு பேர் அங்கே கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். எல்லோரும் வேறு வேறு வேலை பார்க்கிறவர்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். வருஷத்துக்கு ஒரு போட்டி வைத்தார்கள். முதல் போட்டியில் டேப் அக்கா ஜெயித்தாள். முழங்கை உயரக் கோப்பை ஒன்று வீட்டுக்கு வந்து, ஃபிரிட்ஜின் மேல் நடுநாயகமாக உட்கார்ந்தது.

அதற்கப்புறம் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது.

வந்த ஓரகத்தி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். இரண்டு பேர் கையிலும் ஊசிதான். ஒருத்தி தைக்கிறாள், ஒருத்தி குத்துகிறாள். வந்த மூன்றாம் மாதம், "அக்கா, எனக்கும் ஓட்டச் சொல்லிக் குடுங்க" என்று கேட்டாள். மூத்தவளும் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொடுத்தாள். தன் வாழ்நாளில் செய்த ஒரே தவறு அந்தப் பெருந்தன்மைதான் என்று பிற்பாடு அவள் நினைத்ததுண்டு. இளையவள் சொந்தமாக ஒரு ஜீப் வாங்கி, பெரிய டயராகப் பார்த்து மாட்டி, அடுத்த இரண்டு வருஷமும் தொடர்ந்து ஜெயித்தாள். புதுக் கோப்பைகள் இரண்டும் ஃபிரிட்ஜின் மேல் முன்வரிசைக்கு வந்தன. மூத்தவளுடையது பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றது. அப்படித் திருப்பி வைத்தது மாமியார். அந்த மாமியார் யார் என்று கேட்டு என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

அதிலிருந்து டேப் அக்கா தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. குளிர்ந்த தண்ணீர் குடித்தும் அணையாத எரிச்சல். இளையவள் சாதாரணமாக, "அக்கா, கத்தரிக்கோல் குடுங்க" என்றால்கூட, ஜெயித்தவளின் குரலாகவே காதில் விழுந்தது. இந்த வருஷம் கோப்பை தன் கைக்குத் திரும்பி வர வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

வழி தானாக வந்தது. வண்டிகள் கூடிவிட்டன, விதிமுறைகளை எழுத்தில் வைக்க வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. கையெழுத்து நன்றாக இருப்பவள், அளவு தெரிந்தவள் என்று அந்த வேலையை டேப் அக்காவிடமே கொடுத்தார்கள். அவளும் நேர்மையாகத்தான் ஆரம்பித்தாள். தலைக்கு மேல் இரும்புக் குழாய்க் கூண்டு இருக்க வேண்டும். சீட் பெல்ட் கட்டாயம். வண்டி மாட்டிக்கொண்டால் இழுக்க முன்னாலும் பின்னாலும் கொக்கி. பேட்டரி ஆடாமல் கட்டியிருக்க வேண்டும். தீயணைப்பான் ஓட்டுநரின் கைக்கு எட்ட வேண்டும். ஐந்து விதியும் முத்து முத்தாக எழுதி முடித்தபின், பேனா ஆறாவதாக ஒன்றைத் தானே எழுதியது: நிற்கும் வண்டியின் டயர் தரையிலிருந்து முப்பத்தோரு அங்குலத்துக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது.

இளையவளின் டயர் முப்பத்திரண்டு. வாசலில் நின்ற வண்டியைத் துணி உலர்த்துகிற சாக்கில் மூத்தவள் ஏற்கெனவே அளந்திருந்தாள்.

தாளை வாங்கிப் போகக் கடைக்கு வந்த பல் டாக்டர் ஆறாவது விதியில் நின்றார்.

"அதென்ன முப்பத்தொண்ணு?"

"உங்க வண்டி இருபத்தொம்பதுதானே டாக்டர். உங்களுக்கென்ன கவலை?"

"எனக்கில்ல. டயர் மேலயே சைஸ் அச்சடிச்சிருக்குமே, அதையே எழுதினா போதாதா?"

"துணி மேல ஒட்டியிருக்கிற சைஸை நம்பி நான் கத்தரி வச்சதே இல்ல. ஆளை நிறுத்தி வச்சுத்தான் அளவெடுப்பேன்."

டாக்டர் தாளை மடித்துப் பையில் வைத்தார். "இந்த விதி யாரோ ஒரு ஆளுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். டேப் அக்கா காது கேளாதவள்போலத் தையல் மெஷினை மிதித்தாள்.

இளையவள் விதிகளைப் படித்தாள். முகம் வாடவே இல்லை. அதுதான் மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை.

போட்டியன்று காலையில் குவாரி வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. டயர் மேல் ஒரு மரச்சட்டத்தைக் கிடத்தி, தரையிலிருந்து சட்டம் வரை டேப் பிடித்து, டேப் அக்காவே ஒவ்வொன்றாக அளந்து எழுதினாள். கடைசியில் வந்தது இளையவளின் ஜீப். பார்த்தவுடனே ஏதோ சரியில்லை என்று பட்டது. டயர்கள் நிற்கவில்லை, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தன. சட்டம் வைத்தாள், டேப்பை இழுத்தாள், கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தாள். பிறகு நோட்டில் முப்பத்தொன்று என்று எழுதினாள்.

"என்னம்மா இது, சப்பிப்போய்க் கிடக்கு?"

"காத்தை இறக்கியிருக்கேன்க்கா. காத்து எவ்வளவு இருக்கணும்னு விதியில ஒண்ணுமே இல்லியே."

"அதுக்காக இப்படியா?"

"உங்க கடைக்கு வர்றவங்க அளவெடுக்கும்போது மூச்சை இழுத்து வயித்தை எக்கிக்கிட்டு நிக்கிறதில்லியா? அதுதான்க்கா இதுவும்."

வரிசை முழுதும் சிரித்தது. பல் டாக்டர் தன் பற்கள் முப்பத்திரண்டையும் காட்டினார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. காற்று இறங்கிய டயர் சேற்றில் அகலமாகப் பரவிப் பிடிக்கும் என்பதை அன்றுதான் சங்கமே கண்ணால் கண்டது. முதல் சுற்றில் டேப் அக்காவின் வண்டி பாறைப் படிகளை அழகாகத் தாண்டி, சேற்றுக்குழியில் இறங்கி, விறைத்த டயர் நான்கும் வீணாகச் சுழல, கால் நிமிஷம் தின்றது. இளையவளின் வண்டி அதே சேற்றில் மெத்தைமேல் பூனை நடப்பதுபோலப் போய்க் கரையேறியது. எந்த விதி அவளை வெளியே தள்ள எழுதப்பட்டதோ, அதுவே அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போனது.

இரண்டாம் சுற்றுக்கு முன்னால் எல்லோரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். குவாரி முழுக்கப் பாம்புச் சீறல். கணவன் பக்கத்தில் வந்தான்.

"நாமளும் இறக்கிடலாமா?"

"வேணாம்."

"ஜெயிக்கணும்னுதானே வந்தே?"

"அவ கண்டுபிடிச்சதை வச்சு நான் ஜெயிக்கணுமா?"

"அவளுக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்ததே நீதானே. அப்போ ரெண்டுக்கும் சரியாப் போச்சு."

"வண்டியில ஏறுறீங்களா, இல்ல நான் தனியாப் போகவா?"

அவன் ஏறிக்கொண்டான். அந்தச் சுற்றில் அவள் ஓட்டியதை இன்றைக்கும் குவாரியில் சொல்கிறார்கள். சேற்றின் நடுவில் இறங்காமல், இடது சக்கரங்களைக் கரைக் கல்லின்மேல் ஏற்றி, வண்டி ஒருபக்கம் சாய, கணவன் கண்ணை மூடிக்கொள்ள, விறைத்த டயரோடே தாண்டினாள். அந்தச் சுற்றில் அவளைவிட வேகமாக யாரும் வரவில்லை. இரண்டு சுற்றையும் கூட்டியபோது இளையவள் நான்கு வினாடி முந்தியிருந்தாள்.

நான்காவது கோப்பையும் ஃபிரிட்ஜுக்கு வந்தது. மேலே இடமில்லாததால் மூத்தவளுடையதை எடுத்துக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. எடுத்தது இந்த முறை மூத்தவளே. வைத்த கையோடு, விதிகள் எழுதிய தாளின் நகலை விரித்து, ஆறாவது விதிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: அளவெடுக்கும்போது டயரில் காற்று முழுதாக இருக்க வேண்டும்.

இதை எழுதி முடித்து, நேற்று மத்தியானம் வீட்டாருக்குப் படித்துக் காட்டினேன். இளையவள் கேட்டுவிட்டு, "அத்தை, ஒரு இடம் தப்பு" என்றாள்.

"மேகமா? அதை நானே சொல்லிட்டேனே."

"அதில்ல. அன்னைக்கு என் டயர் முப்பத்தொண்ணு இல்ல, முப்பத்தொண்ணே கால். நானும் குனிஞ்சு பார்த்துட்டேன். அக்கா டேப்பைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, அப்புறம் முப்பத்தொண்ணுன்னு எழுதினாங்க. ஏன்க்கா விட்டீங்க?"

மூத்தவள் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வெளியே நிறுத்தியிருந்தா, ஜெயிச்சது டேப்புன்னு சொல்லியிருப்பாங்க. நான் வண்டி ஓட்டி உன்னை ஜெயிக்கணும்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அப்புறம், கால் எல்லாம் இல்ல. ஒரு நூல்."