ஊசிக்கை மேல் ஒரு பென்னி

இங்கிலாந்தின் ஹார்விச் துறைமுகத்தில் வில்ஃப் காரட் என்பவனைத் தெரியாதவன் இருந்தால், அவன் அன்று காலைதான் ரயிலை விட்டு இறங்கியிருக்க வேண்டும். கரையிலிருந்து நாலு மைல் தள்ளி, சட்டத்தின் கை எட்டாத கடலில் நங்கூரம் போட்டு, 'மெரிடித்' என்ற துருப்பிடித்த கப்பலிலிருந்து பாட்டு ஒலிபரப்பிய கூட்டத்தில் ஒருவன் அவன். சமையலுக்குப் போனவன், அறிவிப்பாளன் கடல் ஒத்துக்கொள்ளாமல் வாளியும் கையுமாகக் கிடந்த நாளில் மைக்கைப் பிடித்தான். மூன்று வருஷம் விடவில்லை.

கப்பல் ஆடினால் இசைத்தட்டில் ஊசி துள்ளும். அதனால் ஊசியைத் தாங்கும் ஊசிக்கை மேல், பாரத்துக்கு ஒரு பென்னிக் காசை வைப்பார்கள். பாட்டு நின்றால் உடனே பேச்சு வர வேண்டும். சத்தம் இல்லையென்றால் கப்பல் முழுகிவிட்டதென்று கரையில் பெண்டாட்டிகள் பதறிப்போவார்கள்.

1967 ஆகஸ்டில், கடலிலிருந்து ஒலிபரப்ப உதவுவதையே குற்றமாக்கிய புதுச் சட்டம் கப்பலின் வாயை அடைத்தது. வில்ஃப் மீன் பெட்டி தூக்கினான். இரண்டு மாதம் கழித்து லண்டனில் ஒரு பெரிய வானொலி நிலையம் அவனைப் பேசிக்காட்டக் கூப்பிட்டது.

"அவங்களுக்கு நான் வேணும். அது இன்னும் அவங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றான்.

"தெரியறதுக்குள்ள வாயக் கொடுத்துக் கெடுத்துக்காத" என்றாள் மனைவி பெரில். "வீடு பூரா மீன் நாத்தம். எனக்குப் போதும்ப்பா."

அங்கே அறிவிப்பாளன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், தட்டச்சு செய்த தாளை மட்டும் படிக்க வேண்டும்; பேசுவதெல்லாம் பதிவாகும். இசைத்தட்டைச் சுழற்றுவது அந்தப் பக்கம் டை கட்டிய பொறியாளர் பிம். வில்ஃபும் நல்ல பிள்ளையாகப் படித்தான். அப்போது மாடியில் யாரோ பீரோவை நகர்த்த, 'தடால்' என்ற அதிர்வில் ஊசி துள்ளிக் கீச்சிட்டது. பிம் சாவகாசமாகத் தட்டைத் துடைத்தார். அங்கே மௌனம்கூட மரியாதைதான்.

வில்ஃபுக்கோ சத்தம் நின்றால் கப்பல் முழுகியதாக அர்த்தம். தாளைத் தள்ளினான்.

"பாட்டு வழுக்கி விழுந்துடுச்சு, அடி ஒண்ணும் படல. மணி பத்து இருபது. பாட்டு எழுந்து வர்றதுக்குள்ள டீக்குத் தண்ணி வைங்கக்கா" என்று உரக்கப் பேசிக்கொண்டே கதவைத் திறந்து பிம்மின் அறைக்குள் போய், ஊசியை வைத்து, பையிலிருந்த பென்னியை அதன் மேல் வைத்தான்.

"ஏன்யா, கட்டடம் எந்த ஊருக்கு மிதந்து போகுது?" என்றார் பிம்.

அப்போதுதான் காலடியில் தரை ஆடாமல் நிற்பது உறைத்தது. பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நிகழ்ச்சித் தலைவி ஃபென்விக் அம்மாள், "கடிதம் போடுறோம்" என்றாள். வெட்கம் பிடுங்கித் தின்ன, காசைக்கூட எடுக்காமல் வெளியேறினான். வீட்டில் பெரில் அவனுடைய மீன் நாற்றச் சட்டையைத் துவைத்து மறுநாளைக்கு எடுத்து வைத்தாள். அதுதான் அவனை அதிகம் சுட்டது.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது, உடனே புறப்பட்டு வரச் சொல்லி.

"உன் பதிவை மேலிடத்துல அஞ்சு பேர் கேட்டாங்க" என்றாள் ஃபென்விக் அம்மாள். "நீ மணி சொன்னதும் அஞ்சு பேரும் கடிகாரத்தைப் பாத்தாங்க. ஒருத்தர் டீயே கேட்டார். வேலை உனக்குத்தான்."

அறிவிப்பாளனே பாட்டுப் போட, அவன் மேஜையிலேயே இப்போது இரண்டு சுழல்தட்டுகள். பக்கத்தில் பிம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். ஒரு ஊசிக்கை மேல் அவனுடைய அதே பென்னி, ஒட்டுநாடா போட்டு ஒட்டியிருந்தது.

"கட்டடம் மிதக்கலதான்" என்றார் பிம். "ஆனா மாடியில பீரோவ நகத்துறத நிறுத்த மாட்டேங்கிறானுங்க."

வில்ஃப் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மைக்கின் விளக்கு எரிந்தது.

"மணி பத்து இருபது" என்றான். "பெரில், டீக்குத் தண்ணி வை."