நிர்வாகம் பொறுப்பல்ல

திண்டிவனத்தில் அந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு நான் மாதம் ஒரு தடவையாவது போகிறவன். அன்று எண்ணெயும் பருப்பும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், என் காரின் இடப்பக்கக் கதவு நசுங்கிக் கிடந்தது. இடித்தவன் போயே போய்விட்டான். வாட்ச்மேனிடம் கத்தினேன்.

"விசில் ஊதிக்கினு நிக்கிறியே, கண்ண எங்க வெச்சிருந்த?"

அவர் சுவரில் இருந்த போர்டைக் காட்டினார். வண்டிகளுக்கு ஏற்படும் சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

"கேமரா கூட கடைக்குள்ளதான் சார் இருக்குது. நான் இன்னா பண்ண?"

"அப்ப யார்தான்யா பொறுப்பு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் ஏறி, அதே ஆத்திரத்தில் ரிவர்ஸ் எடுத்தேன். பின்னால் நின்ற வெள்ளைக் காரின் விளக்கு நொறுங்கிற்று. அதில் யாரும் இல்லை. வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். நான் போர்டைப் பார்த்தேன். பிறகு கியரை மாற்றிக் கிளம்பிவிட்டேன்.

முண்டியம்பாக்கம் தாண்டியும் எனக்குப் பயம் வரவில்லை, வெட்கம் வரவில்லை. அவ்வளவு கத்தினேனே, அந்தக் கோபம்கூட எங்கே போனதென்று தெரியவில்லை. ஸ்டீயரிங்கில் இருந்த கைகள் யாருடையவோ போல மரத்துக் கிடந்தன.

விழுப்புரத்தில் வீட்டு வாசலிலேயே என் மனைவி கதவைத் தடவிப் பார்த்தாள்.

"இடிச்சிட்டு சொல்லாம கொள்ளாம ஓடியிருக்கான் பாரு. அவன் கை வெளங்காமப் போவ!"

அவள் திட்டி முடிக்கும்வரை நின்றிருந்தேன்.

"போவட்டும்" என்றேன்.