வெள்ளைச் சேவலுக்குச் சிவப்பு முளைத்தது

எங்கள் மலையில் சாமிக்கு யாரும் வெள்ளைச் சேவல் நேர்வதில்லை. சிவப்பு, இல்லாவிட்டால் கறுப்பு. என் வாயில் வெள்ளை வந்ததற்குக் கடல்காக்கைதான் காரணம்.

என் மகள் கடற்கரையில் ஆராய்ச்சி செய்கிறாள். இளம் கடல்காக்கைகள் எந்த வயதில் எந்த இறகை உதிர்க்கின்றன என்று பார்த்து எழுத வேண்டும். இதற்கு ஒரு பட்டம் தருகிறார்கள். போன வருடம் மணல்திட்டுக்குப் போன அவளுடைய படகு கவிழ்ந்துவிட்டது. அந்த நேரத்தில் நான் மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பஸ்ஸில் மேலே வந்துகொண்டிருந்தேன். போனில் ஒரு குரல், "படகு கவுந்துருச்சுங்க, உங்க பொண்ணு..." என்றது. பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. சிக்னல் போய்விட்டது.

மூன்று வளைவுக்குச் சிக்னல் இல்லை. காலையில் அவள் அனுப்பிய வெள்ளைக் கடல்காக்கையின் படம்தான் கண்ணில் நின்றது. "வெள்ளைச் சேவல் தாரேன், புள்ளையக் குடுத்துரு" என்று கத்தியிருக்கிறேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி தன் பலாப்பழத்தை என்னிடமிருந்து தள்ளி வைத்துக்கொண்டார். நாலாவது வளைவில் மகளே பேசினாள். கை மட்டும்தான் உடைந்திருந்தது; கட்டோடு வீடு வந்து சேர்ந்தாள். இன்னும் அந்த வளைவுகளில் போனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்காருகிறேன்.

நேர்ந்த சேவலைக் குஞ்சிலிருந்து வீட்டில் வளர்த்துக் கொடுப்பதுதான் இங்கே முறை. கொடுத்து முடிக்கும்வரை மகள் கடலில் கால் வைக்கக் கூடாது என்பது நான் சேர்த்த முறை. சாமி அப்படி எதுவும் சொல்லவில்லை.

குஞ்சு வெள்ளையாகத்தான் வளர்ந்தது. மூன்றாம் மாதம் தோளில் செம்மண் தெறித்தது போல இரண்டு இறகு. நிறம் தப்பினால் சாமி பிள்ளையைத் திருப்பிக் கேட்டுவிடுமோ என்று பயந்தேன். இத்தனைக்கும் நான் கணிதத்தில் பட்டம் வாங்கியவன். தினமும் காலையில் கேழ்வரகு போடும் சாக்கில் சேவலைப் பிடித்து, சிவந்ததையும் சிவக்கும் போலிருந்ததையும் பிடுங்கினேன். இரண்டு வாரத்தில் பிடுங்கிய இடமெல்லாம் புது இறகு மிளகாய்ப் பழமாகச் சிவந்து முளைத்தது.

ஒருநாள் மகள் பார்த்துவிட்டாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"உண்ணி பாக்கறேன் கண்ணு."

அவள் சேவலை வாங்கி இறக்கையை விரித்தாள். "இது குஞ்சு இறகு. தானா உதுர இன்னும் நாளிருக்கு. நீங்க புடுங்கப் புடுங்க அடுத்த செட்டு சீக்கிரமா வருது. அடுத்த செட்டு சிவப்பு."

"கடல்காக்கா வெள்ளையாத்தான ஆகுது?"

"அது குஞ்சுல பழுப்பு. பெரிய சாதின்னா நாலு வருசத்துல வெள்ளையாகும். இது எதுத்தாப்புல போகுது."

"அப்ப நாலு வருசம் வெச்சிருந்து பாக்கலாமா?"

சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்: "ஏனுங்க, நாலு வருசத்துச் சேவல எந்தப் பல்லுல கடிப்பீங்க?"

மகள் சிரிக்கவில்லை. "அப்பா, நீங்க சேவலுக்காகவா காத்திருக்கீங்க?"

கேழ்வரகு தீர்ந்துவிட்டது என்று சொல்லி உள்ளே போனேன்.

கோயிலில் பூசாரி சேவலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, வெள்ளைன்னு சொன்னீங்க?"

"வளர்ந்ததுல மாறிப்போச்சுங்க."

"விடுங்க. உரிச்சா எல்லாம் வெள்ளைதான்."

தலையில் தண்ணீர் தெளித்ததும் சேவல் உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் வேறு நாள் பார்க்க வேண்டும். அது சிலுப்பக் கூடாது என்று அந்தச் சாமியிடமே வேண்டிக்கொண்டு நின்றேன்.

மகள் என் காதருகே வந்தாள். "கழுத்தெல்லாம் புது இறகு முளைக்குது. அரிக்கும். தண்ணியே வேண்டாம் பாருங்க."

பூசாரி சொம்பைச் சாய்க்கவே இல்லை. சேவல் ஒரு சிலுப்பு சிலுப்பியது. மிச்சமிருந்த வெள்ளை இறகு ஒன்று பறந்து பூசாரியின் தாடியில் ஒட்டியது. பெண்கள் குலவை போட்டார்கள். என் மனைவிதான் எல்லோரையும்விடச் சத்தமாகப் போட்டாள்.

மறுவாரம், காலை முதல் பஸ்ஸிலேயே மகள் கடற்கரைக்குப் போனாள். பத்து நாள் கழித்துப் படம் அனுப்பினாள். பழுப்பும் சாம்பலுமாய், பாதி உதிர்ந்து அலங்கோலமாக நிற்கும் ஓர் இளம் கடல்காக்கை. கீழே எழுதியிருந்தாள்: "யாரும் புடுங்கல. தானா உதுருது."

பறவைக்குப் பின்னால் தெரிந்த தண்ணீரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு பதில் போட்டேன்: "லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கியா சாமி?"