கால் நனையாத ராமேஸ்வரம்

ஆண்டிபட்டி வட்டாரத்தில் சங்கிலியம்மாளைவிட அதிக ஊர் பார்த்த பெண்பிள்ளை கிடையாது என்றுதான் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? ஜேசுராஜின் டூரிஸ்ட் வேன் எந்தத் திசைக்குக் கிளம்பினாலும், பின்சீட்டில் சட்டிபானை மூட்டைகளுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருப்பாள். ராமேஸ்வரம், கன்னியாகுமரி, குருவாயூர், வேளாங்கண்ணி. கூட்டம் போகிற இடத்திலெல்லாம் அடுப்பு மூட்டிப் பொங்கிப் போடுவது அவள் வேலை. வெளிச்சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்கிற குடும்பங்களுக்கு வேனோடு சமையல்காரம்மாவும் வேண்டும். சங்கிலியம்மாள் வைக்கும் சாம்பாருக்காகவே ஜேசுராஜ் வேனைத் தேடி வந்தவர்கள் உண்டு.

ஊர் திரும்பியதும் எதிர்வீட்டுப் பஞ்சம்மாள் கதை கேட்க வந்துவிடுவாள்.

"கடலு எப்பிடிக்கா இருந்துச்சு?"

"ஏ ஆத்தா, அத ஏன் கேக்குற! கால வச்சமுன்னா அடியில மண்ணு சரசரன்னு நழுவும். ஆளையே உள்ள வா வான்னு இழுக்கும். சிரிப்பாணி பொத்துக்கிட்டு வரும்."

பஞ்சம்மாள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். சங்கிலியம்மாளும் லேசுப்பட்டவளா, கண்ணையும் கையையும் விரித்து அலையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிடுவாள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், சித்திரை கடைசி. மகள் விஜி பெரியகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூர். மகன் திலீபன் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து லீவில் வந்திருந்தான். ராத்திரிச் சாப்பாடு முடிந்து வாசலில் காற்றாட உட்கார்ந்திருந்தபோது விஜிதான் பேச்சை எடுத்தாள்.

"எங்க டாக்டரம்மா குடும்பத்தோட அந்தமான் போயிட்டு வந்தாக. தீவுல போயி ரெண்டு நாளு சும்மா இருந்துட்டு வந்தாகளாம். நான் கட்டிக்கிட்டுப் போறதுக்குள்ள நாம நாலு பேரும் அப்பிடி ஒரு தடவ போவோம்ப்பா."

"சும்மா இருக்கிறதுக்கா ஒரு ஊருக்குப் போறது?" என்றார் அப்பா அம்மாவாசி. மழையை நம்பிச் சோளம் விதைக்கிற மனுஷர். அவருக்குத் தெரிந்த அதிகபட்சத் தண்ணீர் வைகை அணை. "அதுவும் கப்பல்ல! என்னால ஆகாது சாமி."

"தீவுதான வேணும்? ராமேஸ்வரமும் தீவுதான். பாம்பன் பாலத்துல வேனுலயே போயிறலாம்," என்றான் திலீபன்.

அம்மாவாசிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடிச் சொல்லுலே! ஒங்காத்தாளுக்கு அந்த ஊரு உள்ளங்கை மாதிரி. அவளே பிளான் போடட்டும். ஏ சங்கிலி, சொல்லு. அங்கன போயி எங்க தங்குறது, என்னத்தப் பாக்குறது?"

மூன்று பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். சங்கிலியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேனு நிறுத்துற எடத்துல இடதுபக்கம் ஒரு கொழா இருக்கு. தண்ணி நல்லா இருக்கும், ஆனா வெயிலேறுனா வராது. விடியமுன்னயே பிடிச்சு வச்சுக்கிறணும். வெறகுக்கடை மூலையில. வாழையெல சந்தைக்குள்ள போயி வாங்கணும், வாசல்ல வாங்குனா கிழிசலாத் தள்ளிவிட்டுருவாக."

விஜி கலகலவென்று சிரித்தாள். "ஏம்மா, ஊரச் சொல்லுன்னா அடுப்படியச் சொல்ற! கடல்ல குளிக்க எங்கன நல்லாருக்கும்? சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும்? அதச் சொல்லு."

"அதெல்லாம்... போனா தெரியும்டி."

"சாயங்காலம் எங்கன உக்காந்தா காத்து வரும்?"

"சாயங்காலம் நான் பாத்திரம் வெளக்கிட்டு இருப்பேன்," என்று பட்டென்று சொல்லிவிட்டாள் சங்கிலியம்மாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

விஜியின் சிரிப்பு நின்றுபோனது. அம்மாவையே பார்த்தாள். "அம்மா, நீ கடல்ல கால் நனச்சிருக்கியா?"

அவ்வளவுதான். வந்ததே கோபம்! "போடி பொழப்பத்தவளே. பெரிய கடலு! உப்புத்தண்ணியில கால நனச்சா வயிறு ரொம்பிருமா?" என்று கத்திவிட்டுக் கழுவிய பாத்திரங்களையே மறுபடி எடுத்துக் கழுவப் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். வேன் பாலத்தைத் தாண்டுவது எப்போதும் இருட்டில். விடிந்ததும் கூட்டம் தீர்த்தமாடப் போகும். ஈரத்தலையோடு அவர்கள் திரும்பும்போது இட்லி தயாராக இருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போவார்கள். இவள் மதியத்துக்கு அரிசி களைவாள். அவர்கள் தனுஷ்கோடிக்குப் போனால் இவள் வேன்களுக்கு நடுவே சாம்பாருக்குப் புளி கரைப்பாள். இரண்டு வேன்களின் இடுக்கில் நீலமாய் ஒரு கீற்றுத் தெரியுமே, அதுதான் அவள் பார்த்த கடல். கன்னியாகுமரியிலும் வேளாங்கண்ணியிலும் இதே கதைதான். மண் நழுவுவதும் ஆளை இழுப்பதும் பந்தியில் உட்கார்ந்தவர்கள் பேசக் கேட்டவை. ஒருநாள், ஒரே ஒரு நாள் அதில் கால் வைக்க வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது விஜிக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் பஞ்சம்மாள் வந்து, "ராமேஸ்வரமாமே? யாருக்குக்கா திதி?" என்று துக்கம் விசாரித்தாள். ராமேஸ்வரத்துக்குச் சும்மா இருக்கப் போகிறவர்கள் உண்டு என்பதை அவளுக்குப் புரியவைக்கவே அரைநாள் ஆனது. புரிந்ததும் அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. "அப்ப நாங்களும் வாரோம். அக்கா இருக்கையில சோத்துக்கு என்ன கவலை?"

அதே வாக்கியத்தை அம்மாவாசியின் தம்பி குடும்பம் சொன்னது. சித்தப்பா மகன் வீடு சொன்னது. வேனில் இடம் நிறைந்துகொண்டே வந்தது. விஜி தலைதலையாய் அடித்துக்கொண்டாள்.

"வேணாம்னு சொல்லும்மா! நீ சமைக்கவா போற?"

"கல்யாணத்த வச்சுக்கிட்டுச் சொந்தபந்தத்த முறிச்சுக்கச் சொல்றியா? நாளைக்கு ஒன் பந்தியில வந்து நிக்கப்போறதே அவுகதான். விடு. எனக்கென்ன புதுசா?" என்று சொல்லிவிட்டுப் பரணிலிருந்து பெரிய அண்டாவைத் தானே இறக்கினாள் சங்கிலியம்மாள். இறக்கிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து முந்தானையால் தூசியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஜேசுராஜ் வந்தான். வாசலில் பஞ்சம்மாள், கொழுந்தன் குடும்பம் என்று ஒரே கூட்டம், ஒரே சிரிப்பு. அவன் கண் நேராக அண்டாவின் மேல் போய் விழுந்தது.

"இது எதுக்கு?"

"எதுக்கா? சோறு பொங்கத்தான்," என்றாள் பஞ்சம்மாள்.

"இந்த அண்டா ஏறுச்சுன்னா வண்டி நகராது."

"ஏன், வெயிட்டு தாங்காதோ?"

"வண்டி தாங்கும். நான் எடுக்க மாட்டேன்." ஜேசுராஜ் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. அன்று உயர்த்தினான். "நான் டிரைவரு. போற எடத்துல வண்டிய நிறுத்திட்டு மரத்தடியில தூங்குவேன். எந்திரிச்சு கடல்ல ஒரு முங்கு போடுவேன். இந்தக்கா ஒரு நாளாச்சும் எந்திரிச்சு வந்து பாத்துச்சா? 'போயி பாத்துட்டு வாக்கா, அடுப்ப நான் பாத்துக்கிறேன்'னு சொல்ல எனக்கும் வாய் வரல. நேரத்துக்குச் சோறு வேணும்ல எனக்கும்! போறது ரெஸ்ட் எடுக்கவாம், அண்டாவோட போறாகளாம். வாரவுக வாங்க. ஆனா சோறு ஹோட்டல்லதான்."

அம்மாவாசி தலையைக் குனிந்துகொண்டு எழுந்து, அண்டாவைத் தூக்கிப் பரணில் ஏற்றிவிட்டு வந்தார். அந்த மனுஷர் வீட்டில் ஒரு பாத்திரத்தைத் தொட்டதை அன்றைக்குத்தான் பிள்ளைகள் பார்த்தார்கள்.

ஹோட்டல் என்று தெரிந்ததும் பாருங்கள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலை வந்துவிட்டது. கொழுந்தன் வீட்டு மாடு சினையாம். சித்தப்பா மகனுக்கு இடுப்புப் பிடிப்பாம். பஞ்சம்மாள் மட்டும் நேர்மையாக, "அக்கா சோறு இல்லாம நான் என்னத்துக்கு?" என்று எழுந்து போனாள். யாரும் மனம் கோணவில்லை. வேனில் கடைசியில் அந்த நாலு பேர்தான். விஜி அம்மாவின் கையைப் பிடித்து, "கரண்டியத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணு," என்றாள். சங்கிலியம்மாள் சிரித்துக்கொண்டே பண்ணினாள்.

ஜேசுராஜ் விடிந்த பிறகுதான் வண்டியை எடுத்தான். அவளை முன்சீட்டில் உட்காரச் சொன்னான். பாலத்துக்கு வரும்போது நல்ல வெயில். இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீர், அப்படி ஒரு தண்ணீர்! சங்கிலியம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஏ ஆத்தா, இத்தன நாளும் இதுக்கு மேலயா தூங்கிக்கிட்டுப் போனேன்?" என்றாள். மதியம் ஹோட்டலில் இலை போட்டு யாரோ ஒரு பையன் அவளுக்குப் பரிமாறினான். சாம்பாரில் பெருங்காயம் போதவில்லை என்று முதல் வாயிலேயே தெரிந்தது. இருந்தாலும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். கேட்காமலே இலையில் சோறு விழுவது அவ்வளவு ருசியாக இருந்தது.

மறுநாள் காலை தனுஷ்கோடி பக்கம், தார் ரோடு முடிகிற இடம் வரை போனார்கள். விஜி கையைப் பிடித்துக் கூட்டிப்போக, சங்கிலியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். அலை வந்தது. கணுக்காலைச் சுற்றியது. திரும்பும்போது அடியில் மண் சரசரவென்று நழுவியது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். சிரிப்பு வரும் என்றுதான் ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். அழுகைதான் வந்தது.

"எஞ் சாமி, போதும். இது போதும் எனக்கு," என்றாள். கரையில் நின்ற ஜேசுராஜைத் திரும்பிப் பார்த்து, "நீ நல்லா இருக்கணும்யா," என்று அங்கிருந்தே சத்தம் போட்டாள். அவன் கூச்சப்பட்டு வேனைத் துடைக்கப் போய்விட்டான்.

மற்றவர்கள் ஜீப்பில் மணலுக்குள், புயலில் அழிந்த பழைய ஊரைப் பார்க்கப் போனார்கள். சங்கிலியம்மாள் வரவில்லை என்று கரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் காற்றில் தாளிப்பு வாசம் வந்தது. திரும்பிப் பார்த்தாள். வரிசையாய் நின்ற வேன்களுக்கு நடுவே, காற்றுக்குத் தகரத்தை மறைப்பாக வைத்து ஒருத்தி அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். போய் விசாரித்தாள். பெயர் ஜக்கம்மா, விளாத்திகுளம் பக்கமாம்.

"கடலப் பாத்தியா தாயி?"

"பாக்காம என்னக்கா? அந்தா தெரியுதுல்ல," என்று ஜக்கம்மா இரண்டு வேன்களின் இடுக்கைக் காட்டினாள்.

சங்கிலியம்மாள் அடுப்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "கரண்டியக் குடு," என்றாள். "நானும் ஒன்னய மாதிரிதான். அடுப்ப நான் பாத்துக்கிறேன். போ, கால நனச்சுட்டு வா."

"ஐயோ, எங்க ஆளுக வந்துருவாகக்கா!"

"வந்தா நான் போடுறேன் சோறு. எந்திரி, போ!" என்று அவள் போட்ட அதட்டலில் ஜக்கம்மா எழுந்து ஓடியே போனாள்.

ஜீப் திரும்பியபோது விஜி பார்த்தது இதைத்தான். முன்பின் தெரியாத யாருடைய சாம்பாரையோ அம்மா கிண்டிக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா! சத்தியம் பண்ணுனியே!"

"நம்ம வீட்டுக் கரண்டிக்குத்தானடி பண்ணுனேன். அந்தா பாரு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடலுக்குள் முழங்காலளவில் நின்று, ஒவ்வொரு அலைக்கும் ஜக்கம்மா சின்னப்பிள்ளை மாதிரி கத்திக்கொண்டிருந்தாள். விஜி அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மாவாசி மட்டும் கீழே உட்கார்ந்து, உரிக்காமல் கிடந்த வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்தார்.

ஜக்கம்மா ஓடிவந்தாள். சேலையெல்லாம் ஈரம், மூச்சு வாங்கியது. "அக்கா, அடியில மண்ணு நழுவுதுக்கா! ஆளையே இழுக்குது!"

"ஆமா தாயி," என்றாள் சங்கிலியம்மாள். "இழுக்கும். நானும் பாத்தேன்."