லேபிளில் வைத்த மஞ்சள்

ஜவுளிக்கடை வேலையில் பாதி நாள் துணியைப் பிரித்துக் காட்டுவதில் போகும், மீதி நாள் அதையே மடித்து வைப்பதில் போகும், விற்பனை என்பது இடையில் எப்போதாவது நடக்கும். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் பதினான்கு வருடமாக இதைத்தான் செய்கிறேன். இதை வாசிக்கும் நீங்களும் கடையில் நின்று நின்று கால் வீங்கியவர் என்றால், நாம் ஒரே ஜாதி.

சென்ற வருடம் முதலாளியின் மகள் திவ்யா வங்கி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு பிராண்ட் ஆரம்பித்தாள். ஈரோட்டுத் துணி, கேலாங்கில் தையல், ஆணுக்கும் பெண்ணுக்கும் குட்டைக் குர்த்தா. கழுத்துக்குள் க்ரீம் நிற சாட்டின் லேபிள், அதில் ஒரு சின்னப் படகு. அந்தப் படகை மட்டும் இருபது தடவையாவது மாற்றி வரைந்திருப்பாள். முதலாளி வாசலுக்கு நேரே துணி மாட்டும் ராக் ஒன்றைக் கொடுத்து, என்னைக் காவலுக்கு நிறுத்திவிட்டு மகளிடம் சொன்னார்: "தீபாவளி வரைக்கும் பாக்கறேன். ஓடலன்னா அந்த இடத்துல பட்டுச் சேலை, நீ மறுபடி பேங்க்."

தொட்டுப் பார்ப்பவர்கள், தேடிப் பார்ப்பவர்கள்

ராக்குக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். வயதானவர்கள் முதலில் துணியைத் தொடுவார்கள், பிறகுதான் பிராண்ட் கேட்பார்கள். இளசுகள் முதலில் லேபிளைப் புரட்டி, ஃபோனில் தேடி, எத்தனை பேர் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று படித்துவிட்டு, மனசிருந்தால் தொடுவார்கள். புது பிராண்டைத் தேடினால் என்ன வரும்? ஒன்றும் வராது. உடனே ஹேங்கர் ராக்குக்குத் திரும்பிவிடும்.

ஓர் ஆன்ட்டி வந்து கட்டைவிரலால் துணியைத் தேய்த்தார், தையலை இழுத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்தார். எல்லாவற்றிலும் பாஸ். திவ்யா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன பிராண்ட் என்று கேட்டதும், "நான் பண்ணதுதான் ஆன்ட்டி" என்றாள் பெருமையாக. ஆன்ட்டி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ, நீயே பண்ணியா? அப்ப பாதி விலைக்குத் தரலாமே லா!"

குடும்பக் கலர்

இப்போதெல்லாம் தீபாவளி போட்டோவுக்குக் குடும்பமே ஒரே கலரில் நிற்கிறது. கலரை முடிவு செய்வது வாட்ஸ்அப் குரூப். அது எந்தக் கலர் என்று முன்கூட்டியே தெரிந்தால் நாங்கள் எல்லாரும் கோடீஸ்வரர்கள்.

பிடோக்கிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு மயில்பச்சை வேண்டும். கடை லைட்டில் எந்தப் பச்சையையும் நம்ப முடியாதென்று என்னையும் குர்த்தாக்களையும் வாசல் நடைபாதைக்கு இழுத்துப்போய் வீடியோ கால் போட்டார். அடுக்குமாடி புளோக்கில் துணி காயப்போடும் மூங்கில் கம்பு மாதிரி இரண்டு கையையும் விரித்து நின்றேன். போவோரும் வருவோரும் விலை கேட்டார்கள். ஃபோனுக்குள் பெரியப்பாவிலிருந்து பேரன் வரை ஆளுக்கொரு கருத்து. ஒருவழியாகக் கலர் பாஸானது. ஒன்பது குர்த்தா ஒரே அடியில் போகப்போகிறது என்று மனசுக்குள் மணி அடித்தது. அப்போது ஃபோனுக்குள் ஒரு பெண்பிள்ளை எட்டிப்பார்த்து, "கலர் ஓகே அத்தை, பட் லோகோ உள்ள இருக்கு, போட்டோல பிராண்டுன்னு யாருக்குத் தெரியும்?" என்றது. ஒன்பதும் ராக்குக்கே திரும்பின.

தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. திவ்யாவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தப் படகை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "ஸ்டெல்லா அக்கா, இதைப் பெருசாக்கி நெஞ்சுல வச்சிடவா?"

மாற்றித் தர முடியாது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓர் அம்மா குர்த்தா மாற்ற வந்தார். மகன் தேசிய சேவையில், ராணுவக் கேம்ப்பில் இருந்ததால் போன வருட அளவை வைத்து வாங்கிப்போயிருக்கிறார். பிள்ளை வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் தோள் ஏறவில்லை. விலைச்சீட்டு, பில், பை எல்லாம் பத்திரம். திவ்யா கழுத்தைப் புரட்டினாள். படகின் மேல் பெரிய மஞ்சள் பொட்டு. குங்குமமும் ஒரு கோடு.

புதுத்துணியில் மஞ்சள் வைக்காமல் போடக்கூடாது என்பது அந்த அம்மாவின் சட்டம், அளவு பார்ப்பதற்குக்கூட. ஒருவர் வீட்டு மஞ்சள் பட்டதை இன்னொருவருக்கு விற்கக்கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம். திவ்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு இடம் இருக்கு, ஏன் ஆன்ட்டி லேபிள் மேலயே?" என்றாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சமாதானம் சொல்வதாக நினைத்துச் சொன்னார்:

"சட்டை அழகா இருந்துச்சும்மா, அதுல கறை பட வேணாம்னுதான் லேபிள்ல வச்சேன். அதை யாரு பாக்கப்போறா?"

உங்க வீட்ல எங்க வைப்பீங்க?

திவ்யா அந்தக் குர்த்தாவைத் தன் நஷ்டக் கணக்கில் எழுதிக்கொண்டு, பெரிய அளவை எடுத்துக் கொடுத்தனுப்பினாள். பிறகு அழுவாள் என்று நினைத்தேன். நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வருவோரையெல்லாம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். புதுத்துணிக்கு மஞ்சள் எங்கே வைப்பீர்கள்? காலருக்குள், அடிமடிப்பின் ஓரம், பாக்கெட்டுக்குள். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் உடுப்புக்கு மஞ்சள் கிடையாது, அதனால் எனக்கும் பதில் கேட்க ஆசையாக இருந்தது. ஒருவர், பிராண்ட் சட்டை என்றால் மஞ்சளைத் தண்ணீரில் கரைத்து, தெரிந்தும் தெரியாமலும் வைப்பாராம். வேடிக்கை என்னவென்றால், எங்கே வைப்போம் என்று காட்டுவதற்காகக் குர்த்தாவைக் கையில் எடுத்தவர்களில் பாதிப் பேர் அதைத் திரும்ப மாட்டவில்லை.

புதன்கிழமை ராக்கில் இருந்த குர்த்தாக்களை மொத்தமாகக் கேலாங் தையல்காரரிடம் அனுப்பினாள். அடிமடிப்பின் உட்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், நகமளவு மஞ்சள் துணி ஒன்று தைத்து வந்தது. மஞ்சள் வைக்க இடம். படகு அப்படியே இருந்தது, அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எல்லாரும் அடிமடிப்பைப் புரட்டிப் புரட்டிச் சிரித்தார்கள், தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள், வாங்கினார்கள். எனக்கும் மடிக்கத் துணி இல்லாத சுகம் முதல்முறையாகக் கிடைத்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் முதலாளி ராக் முன்னால் வந்து நின்றார். நான்குதான் மிச்சம். பட்டுச் சேலைக் கட்டுகள் படிக்கட்டில் தயாராக இருந்தன. திவ்யா என் முழங்கையைக் கிள்ளினாள். அவர் நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்து, தன் மேல் வைத்து அளவு பார்த்து, அடிமடிப்பைப் புரட்டி, திரும்ப மாட்டினார். பிறகு மகளைப் பார்த்துக் கோபமாகக் கேட்டார்:

"நாப்பத்தி நாலு சைஸ் இல்லாம என்னம்மா பிராண்ட் நடத்துற? பொங்கலுக்குள்ள தைச்சு வை."

இத்தனை வருடத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: கடைக்காரர் ஆசையாகக் காட்டும் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பதற்குத்தான் மக்கள் கடைக்கு வருகிறார்கள்.