புரோட்டாக் கடை வாசலில் விழுந்த அடி

கல்யாணமாகாமல் நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். அறுபதுகளின் தொடக்கம். அண்ணன் லாரி டிரைவர். மணமேல்குடியில் கருவாடு ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் போவான். எங்கள் ஊர் கந்தர்வக்கோட்டை. அங்கே கடைத்தெருவில் புதிதாக ஒரு புரோட்டாக் கடை வந்திருந்தது. போகும்போதும் வரும்போதும் லாரி அங்கே நின்றுவிடும். எண்ணெய் வடியும் புரோட்டா, சால்னா, பொரித்த கறி. காலையிலும் அதுதான், ராத்திரியிலும் அதுதான். மேலே கலர் சோடா வேறு.

வீட்டுச் சோறு அவனுக்கு இறங்காமல் போனது. ஒரு நாள் மதினி கம்மஞ்சோறு வைத்தாள்.

"மாட்டுக்கு வைக்கிறத எனக்கு வைக்கிறியாடி?"

வட்டிலை அவள் முகத்தில் விட்டெறிந்தான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்தது. தடுக்கப் போன எனக்கும் ஓர் அறை விழுந்தது. அதற்குப் பிறகு சோறு போடும் நேரம் வந்தாலே நானும் மதினியும் வட்டிலை வைத்துவிட்டு எட்டி நின்றுகொள்வோம்.

ஊதிக்கொண்டே போன அண்ணன் உடம்பு திடீரென்று வற்றத் தொடங்கியது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தும் தாகம் தீரவில்லை. அவன் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. காலில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் அழுகி நாறியது. புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் காலைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சர்க்கரை வியாதி முத்திப்போச்சு. இன்னும் புரோட்டாவும் எண்ணெயுமா தின்னீங்கன்னா முதல்ல விரல் போகும், பெறகு காலு போகும்."

"ரோட்டுல கெடக்குறவன் வேற என்னத்தத் தின்பான்?" என்று அண்ணன் மேசையை அறைந்தான். மருந்துப் புட்டி ஒன்று உருண்டு விழுந்து நொறுங்கியது.

இரண்டு விரல்கள் கருத்துப்போய் அவற்றை வெட்டி எடுத்தார்கள். லாரி வேலை போனது. அப்போதும் தடியை ஊன்றி நொண்டிக்கொண்டே கடைக்குப் போனான். ஒரு மத்தியானம் மதினி அவன் பின்னாலேயே போனாள். நான் ஓடிச் சேர்வதற்குள் அவன் முன்னால் இருந்த இலையைப் பிடுங்கித் தெருவில் வீசியிருந்தாள். அவன் தடியால் அவள் தோளில் போட்டான். விழுந்தவள் எழுந்தாள். அதே தடியைப் பறித்து அவன் முதுகில் அடித்தாள். நிறுத்தாமல் அடித்தாள்.

கடைக்காரர் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தார். "ஏம்மா, கடையில வந்து ரகளை பண்றியா?"

மதினி சால்னாச் சட்டியைக் காலால் எத்திக் கவிழ்த்தாள். கொதித்த குழம்பு அவள் பாதத்திலும் கொட்டியது. அவள் நகரவில்லை.

"காலு அழுகுனவனுக்கு இதப் போடுறீங்களே, நல்லாருக்கா? இனிமே போட்டீங்கன்னா அடுப்பையே இழுத்துத் தெருவுல போட்டுருவேன்."

கரண்டி கீழே இறங்கியது. பெஞ்சில் கவிழ்ந்து கிடந்த அண்ணன், "அடிச்சுப்புட்டாளே, என்னைய அடிச்சுப்புட்டாளே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

அந்தக் கடையில் அப்புறம் அவனுக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஆனாலும் காலம் கடந்துவிட்டிருந்தது. மறுவருஷம் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். ஆள் பிழைத்துக்கொண்டான். மதினி கேழ்வரகுக் களியும் கீரையும் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பாள். திட்டிக்கொண்டே தின்பான். திட்டு முடியும்வரை அவள் எதிரிலேயே நிற்பாள், பிறகு வட்டிலை எடுத்துக்கொண்டு போவாள்.