கேட்காமல் அவிழ்ந்த மூட்டை

அச்சகத்தில் அவருக்கு ‘மூட்டை’ என்று பேர். வேலை முடிந்ததும் கணினியில் பக்கங்களை ‘டார்’ என்ற கட்டளையால் மூட்டைபோல ஒரே கோப்பாகக் கட்டி, ‘ஜிஜிப்’ என்ற இன்னொன்றால் சுருக்கி வைப்பவர். அந்தக் கணினியின் கறுப்புத் திரைக்கு முன்னால் வேறு யாரையும் உட்காரவிட மாட்டார். மாமனாரின் அச்சகத்தில் மருமகனுக்கென்று இருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான்.

பக்கம் வடிவமைக்கும் மச்சினிக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. “பக்கத்தோட பேர்ல வருஷத்தையும் சேருங்க மாமா” என்று அவள் சொன்னதற்கு, “மவுஸைப் பிடிச்சு இழுக்கறவ எனக்குச் சொல்லித் தர்றியா?” என்று எரிந்து விழுந்தார். வார்த்தை முற்றியது. “இனிமே உன்னோடதை நீயே கட்டிக்கோ” என்றார். அன்றிலிருந்து அவள் பக்கங்களை அவர் தொடவில்லை.

பம்பு கம்பெனியின் இந்த வருஷ விலைப்பட்டியல் ஒருநாள் மதியம் அச்சுக்குப் போக வேண்டும். அன்று காலையில் அந்தக் கம்பெனிக்காரன் போன வருஷப் பட்டியலிலிருந்த படம் ஒன்று கேட்டான். இவர் பழைய மூட்டையை அவிழ்த்தார். எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று பார்க்கவில்லை. நின்றது மச்சினி புதுப் பக்கங்களைப் போட்டு வைத்திருந்த இந்த வருஷ ஃபோல்டரில். பக்கங்களின் பேர் அவர் வழக்கப்படி இரண்டு வருஷத்துக்கும் ஒன்றே. ‘அழிக்கவா?’ என்று டார் யாரையும் கேட்காது. புதுப் பக்கங்களின் மேல் பழையதை எழுதிவிட்டது.

விஷயம் மாமனார் காதுக்குப் போனால் நாற்காலி போச்சு. எழுந்து மச்சினியின் மேஜைக்குப் போனார்.

“உங்கிட்ட இருக்கா?”

“எது?”

“பக்கங்க.”

“நீங்கதானே கட்டிக்கச் சொன்னீங்க. கட்டினேன்.” பென் டிரைவை எடுத்தாள். “டாரும் தெரியும், ஜிஜிப்பும் தெரியும். உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னே கத்துக்கிட்டேன்.”

“குடு, நான் அவிழ்க்கறேன்.”

“நீங்க அவிழ்த்த வரைக்கும் போதும். உங்க நாற்காலில நான் உட்கார்றேன். இல்லேன்னா அப்பாவைக் கூப்பிடறேன்.”

அவர் தன் மேஜைக்குத் திரும்பி நடந்தார். அவள் பின்னாலேயே வந்து, அவர் நாற்காலியைத் தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்குள் திரை பூட்டிக்கொண்டிருந்தது.

“பாஸ்வேர்ட்?”

குனிந்து விசைப்பலகைக்குக் கையை நீட்டினார். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“வாயால சொல்லுங்க மாமா. நாளைக்கும் வேணும்.”

மிஷின்காரர்கள் இருவர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மூட்டை பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

“கடைசி எழுத்து கேக்கலை” என்றாள் அவள்.